தாளம் தப்பிய இதயத்துக்குக் குளிர் வைத்தியம்

ஈரக் கையால் குளிர்பதனப் பெட்டியின் மேல் அறையிலிருந்து அலுமினிய ஐஸ் தட்டை எடுத்திருக்கிறீர்களா? விரல்கள் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் வலிக்கும். குழாய் நீரைச் சற்றே காட்டினால் தட்டு தானாக விட்டுவிடும். மரத்துப் போன விரல் நுனியில் சிறிது நேரத்தில் உணர்ச்சி திரும்பிவிடும்.

இந்தச் சிறு நிகழ்ச்சியில் மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன. குளிர் ஒட்ட வைக்கும். குளிர் மரத்துப் போகச் செய்யும். உரிய நேரத்தில் விலகிக்கொண்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். இம்மூன்றையும் மனித இதயத்தின் உள்ளேயே பயன்படுத்தி, தாளம் தப்பித் துடிக்கும் இதயத்தைச் சீராக்குகிறார்கள் மருத்துவர்கள். துடித்துக் கொண்டிருக்கும் இதயத்துக்குள் பனிக்கட்டியா என்று வியப்பாக இருக்கிறதா? முதலில் இதயம் எப்படித் தாளம் போடுகிறது என்று பார்த்துவிடுவோம்.

மின்சாரம் வரும் வழி

உங்கள் இடக்கை மணிக்கட்டில், கட்டை விரலுக்குக் கீழே, வலக்கை விரல்களை வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 72 துடிப்புகள். ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் 1 லட்சத்தைத் தாண்டிவிடும். இத்தனை முறையும் இதயத்துக்கு "துடி" என்று ஆணை பிறப்பிப்பது யார்? மூளையா? இல்லை. மூளை வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். ஆணை இதயத்துக்குள்ளேயே பிறக்கிறது.

இதயத்துக்கு நான்கு அறைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. உங்கள் பாடநூல் இவற்றை ஆரிக்கிள்கள், வெண்டிரிக்கிள்கள் என்று சொல்லும். வலது மேலறையின் உச்சியில் ஒரு சிறு தசைத் திட்டு உண்டு. அதுதான் ஆணையிடும் இடம். 1907ஆம் ஆண்டு ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் இதைக் கண்டறிந்து அறிவித்தார்கள். இதை நாம் முதற்கணு என்று அழைப்போம். இங்கே பிறக்கும் மெல்லிய மின் துடிப்பு, குளத்தில் எறிந்த கல்லின் அலையைப் போல இரு மேலறைகளிலும் பரவுகிறது. உடனே மேலறைகள் சுருங்கி, இரத்தத்தைக் கீழறைகளுக்குள் தள்ளுகின்றன.

மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு நார்ச்சுவர் இருக்கிறது. அதைக் கடக்க ஒரே ஒரு வாயில்தான். அங்கே காவல் இருப்பது இரண்டாவது கணு. ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்து வந்த ஜப்பானியர் சுனாவோ தவாரா 1906இல் இதை விளக்கினார். இதை இடைக்கணு என்று வைத்துக்கொள்வோம். வந்த மின் துடிப்பை இந்த இடைக்கணு உடனே விட்டுவிடுவதில்லை. ஒரு நொடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதப்படுத்தி அனுப்புகிறது. அந்த இடைவெளியில்தான் கீழறைகள் இரத்தத்தால் நிரம்புகின்றன. பிறகு துடிப்பு கீழே இறங்க, கீழறைகள் பலமாகச் சுருங்கி, இரத்தத்தை உடல் முழுவதும் அனுப்புகின்றன.

மேலறை, சிறு தாமதம், கீழறை. இந்த வரிசை மாறாமல் இருக்கும் வரையில் நமக்கு இதயம் இருப்பதே நினைவுக்கு வராது.

செக்கு மாடு சுற்றும் மின்சாரம்

இப்போது 13 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பள்ளி மைதானத்தில் கபடி ஆடுகிறாள். திடீரென்று நெஞ்சு படபடக்கிறது. ஓடியதால் வந்த படபடப்பு அல்ல. உட்கார்ந்த பிறகும் நிற்கவில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 200! கண் இருட்டுகிறது. கால் மணி நேரமோ, அரை மணி நேரமோ கழித்து, விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று நின்றுவிடுகிறது. அடுத்த வாரம் மீண்டும் வருகிறது.

இவளுடைய இதயத்தில் என்ன கோளாறு? சிலருக்குப் பிறவியிலேயே இடைக்கணுவை அடையும் மின்பாதை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒன்று வேகப் பாதை. மற்றொன்று மெதுவான பாதை. சாதாரண நாள்களில் வேகப் பாதையிலேயே போக்குவரத்து நடக்கும். ஏதோ ஒரு கணத்தில், உரிய காலத்துக்கு முன்பே பிறந்த ஒரு துடிப்பு மெதுவான பாதையில் இறங்கி, வேகப் பாதை வழியாக மேலே ஏறிவிடும். ஏறியது மறுபடி இறங்கும். செக்கு மாடு போல மின்சாரம் அந்தச் சிறு வட்டத்திலேயே சுற்றத் தொடங்கிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் கீழறைகளுக்கு ஓர் ஆணை. நாடி 150, 200 என்று எகிறுவது இதனால்தான்.

வேறு சிலருக்கு நார்ச்சுவரிலேயே ஒரு திருட்டு வழி இருக்கும். வாயில் வழியே இறங்கிய துடிப்பு அத்திருட்டு வழியில் மேலே ஏறி, வட்டத்தைப் பூர்த்தி செய்துவிடும். இத்தகையோர் 11 பேரின் ஈ.சி.ஜி. படங்களை ஆராய்ந்து, வுல்ஃப், பார்க்கின்சன், வைட் என்ற மூன்று மருத்துவர்கள் 1930இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்றும் அந்நோய் அம்மூவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

வட்டம் சுற்றும் மின்சாரத்தை எப்படி நிறுத்துவது? வட்டத்தில் ஏதேனும் ஓரிடத்தை அறுத்துவிட்டால் போதும் அல்லவா? உங்கள் வீட்டு மின் மணியின் கம்பியை எங்கே அறுத்தாலும் மணி ஒலிக்காது. இதயத்திலும் அப்படித்தான். ஆனால் அறுக்க வேண்டிய கம்பி கண்ணுக்குத் தெரியாது. அது இருப்பதோ ஓயாது துடிக்கும் உறுப்பின் உள்ளே!

கத்தி போய் கதீட்டர் வந்தது

1968ஆம் ஆண்டு அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் டியூக் பல்கலைக் கழக மருத்துவமனைக்கு ஒரு மீனவர் வந்தார். அவருக்கு இருந்தது நாம் மேலே கண்ட திருட்டு வழி. மருந்துகள் பயன் தரவில்லை. வில் சீலி என்ற அறுவை மருத்துவர், அவருடைய மார்பைப் பிளந்து இதயத்தைத் திறந்து, அந்த வழியைக் கத்தியால் வெட்டினார். படபடப்பு நின்றது. இதயத் தாளக் கோளாறை அறுவையால் அடியோடு குணப்படுத்தலாம் என்பதை உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சி இது.

ஆனால் ஒரு நூலிழை அளவுள்ள பாதையை வெட்ட மார்பையே பிளக்க வேண்டுமா? கதீட்டர் என்னும் மெல்லிய வளையும் குழாயைத் தொடையின் மேற்புறத்திலுள்ள சிரையில் நுழைத்து, இரத்தக் குழாய் வழியாகவே இதயத்துக்குள் செலுத்தலாம் என்பது முன்பே தெரிந்திருந்தது. அதன் நுனியிலுள்ள உலோக வளையங்கள் இதயத்தின் உள்ளே மின்சாரம் எங்கே எப்போது செல்கிறது என்பதைக் காட்டும். அதே கதீட்டரைக் கொண்டு தீய பாதையை அழிக்கவும் கூடாதா?

1982இல் சான் பிரான்சிஸ்கோவில் மெல்வின் ஷைன்மன் குழுவினர் கதீட்டர் வழியாக மின் அதிர்ச்சி கொடுத்து அழிக்கும் முறையை வெளியிட்டனர். அது கடுமையான முறை. பிறகு, வானொலி அலைகளின் அதிர்வெண் கொண்ட மின்சாரத்தை நுனியில் பாய்ச்சி, தசையைச் சூடாக்கிப் பொசுக்கும் முறை வந்தது. தசை 50 டிகிரிக்கு மேல் சூடேறினால் செல்கள் மடிந்துவிடும். (இக்கட்டுரையில் வரும் டிகிரி எல்லாம் செல்சியஸ் அளவே.) வெந்த இடம் தழும்பாகும், தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது, வட்டம் அறுபடும். இன்றும் உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவது இந்தச் சூட்டு முறைதான். மிக நல்ல முறையும்கூட.

அப்படியானால் குளிர் எதற்கு?

மில்லிமீட்டர் கணக்கில் ஓர் ஆபத்து

நம் கபடிச் சிறுமியிடம் திரும்புவோம். அவளுடைய மெதுவான பாதையைப் பொசுக்க வேண்டும். ஆனால் அந்தப் பாதையும், வாயிலைக் காக்கும் இடைக்கணுவும் இருப்பது ஒரே சிறு முக்கோணத்துக்குள். பெரியவர்களிடமே அம்முக்கோணத்தின் நீளம் 2 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். சிறுவர்களின் இதயத்தில் இடம் இன்னும் குறுகல். அதுவும் அந்த இடம் அசையாமல் இருப்பதில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடுகிறது. மூச்சு விடும்போதும் நகருகிறது.

சூடான நுனி சற்றே நழுவி இடைக்கணுவைத் தொட்டுவிட்டால்? ஒரே வாயில் அடைந்துபோகும். மேலறையின் ஆணை கீழறைக்குச் சேராது. அதன் பிறகு பேஸ்மேக்கர் என்னும் மின்கருவியை உடலுக்குள் பொருத்தித்தான் இதயத்தை இயக்க வேண்டும். அதன் பாட்டரி பத்து ஆண்டுகள் போல உழைக்கும். பிறகு மாற்ற வேண்டும். 13 வயதில் ஒருத்திக்கு அதைப் பொருத்தினால் வாழ்நாளில் எத்தனை முறை மாற்ற வேண்டி வரும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

இந்த விபத்து அரிதானது. நூற்றில் ஒருவருக்கோ, அதற்கும் குறைவாகவோதான் நேரும். ஆனால் வெந்த செல்லை மீண்டும் உயிர்ப்பிக்க வழியில்லை. தொட்ட பிறகுதான் தவறு தெரியும்; தெரியும்போது காலம் கடந்திருக்கும். தொட்டுப் பார்த்து, சரியில்லை என்றால் விலகிக்கொள்ளும்படியான ஒரு கருவி கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அந்தக் கருவிதான் குளிர்.

குல்பியிலிருந்து கதீட்டர் வரை

குளிரை மருத்துவத்துக்குக் கொண்டு வந்தவர்களின் வரிசை நீண்டது. தள்ளுவண்டியில் குல்பி விற்பவர் பானையிலுள்ள பனிக்கட்டியோடு உப்பைக் கலந்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு கலந்தால் பனிக்கட்டியின் வெப்பநிலை சுழிக்கும் கீழே வெகுவாக இறங்கிவிடும். இதே கலவையைக் கொண்டு இங்கிலாந்து மருத்துவர் ஜேம்ஸ் ஆர்னட் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் புற்றுநோய்க் கட்டிகளை உறையச் செய்து வலியைத் தணித்தார். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் அவருடைய கருவி வைக்கப்பட்டிருந்தது.

1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் இர்விங் கூப்பர் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர், மைனஸ் 196 டிகிரியிலுள்ள திரவ நைட்ரஜனை ஓர் ஊசி போன்ற குழாயில் செலுத்தி, மூளைக்குள் குறிப்பிட்ட ஒரு சிறு இடத்தை மட்டும் உறைய வைத்தார். கை நடுக்க நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சை அது. அவர் ஒரு நுட்பத்தைக் கையாண்டார். முதலில் இலேசாகக் குளிரச் செய்வார். நடுக்கம் நிற்கிறதா, வேறு தீங்கு ஏதும் தெரிகிறதா என்று கவனிப்பார். சரியான இடம்தான் என்று உறுதியான பிறகே முழுவதும் உறைய விடுவார்.

1977இல் அதே டியூக் பல்கலைக் கழகத்தில், ஜான் கல்லகர் குழுவினர், திருட்டு வழியைக் கத்தியால் வெட்டுவதற்குப் பதிலாகக் குளிர்க் கோலால் உறைய வைத்து அழித்த செய்தியை வெளியிட்டனர். அப்போதும் மார்பைத் திறந்துதான் செய்தார்கள். குளிரைக் கதீட்டருக்குள் ஏற்றும் வேலையில் முன் நின்றவர்கள் கனடாவிலுள்ள மாண்ட்ரியல் இதய ஆய்வு நிலையத்தினர். மார்க் டுபுக்கும் அவர் குழுவினரும் 1990களில் விலங்குகளிடம் சோதித்துப் பார்த்து, 2001இல் மனிதர்களுக்குச் செய்த சிகிச்சையின் முடிவுகளை வெளியிட்டனர்.

நுனியில் மட்டும் குளிர் எப்படி?

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். கதீட்டர் உடலுக்குள் 37 டிகிரி சூடான இரத்தத்தின் நடுவே நீண்டு கிடக்கிறது. வழி நெடுக உறையாமல் நுனி மட்டும் எப்படி உறையும்? குளிர்ந்த திரவத்தை அதில் ஊற்றினால் குழாய் முழுவதுமே குளிர்ந்துவிடாதா?

இதற்கு விடை உங்கள் தெரு மூலைத் தேநீர்க் கடையிலேயே இருக்கிறது. பெரிய அடுப்பு வெகு நேரம் எரியும்போது எரிவாயு உருளையின் கீழ்ப்பாகத்தைப் பாருங்கள். வெளிப்புறத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்திருக்கும்; சில சமயம் வெண்பனி கூடப் படியும். உள்ளே அழுத்தத்தில் திரவமாக இருக்கும் பொருள் வாயுவாக மாற வெப்பம் தேவை. அதைத் தன்னிடமிருந்தும் உருளையிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே உருளை குளிர்கிறது. அழுத்தத்திலுள்ள வாயுவை ஒரு குறுகிய துளை வழியே பரந்த இடத்துக்கு விட்டாலும் பெரும்பாலான வாயுக்கள் குளிரும். ஜூல், தாம்சன் என்ற இரு அறிவியலார் 1852இல் கண்ட உண்மை இது. தாம்சன்தான் பின்னாளில் கெல்வின் பிரபு என்று புகழ் பெற்றவர்.

குளிர்க் கதீட்டரில் பயன்படுவது நைட்ரஸ் ஆக்சைடு. பல் மருத்துவர்கள் வலி தெரியாமலிருக்கக் கொடுத்து வந்த "சிரிப்பூட்டும் வாயு" இதுதான். 1772இல் ஜோசஃப் பிரீஸ்ட்லி கண்டுபிடித்தது. சாதாரண அழுத்தத்தில் இது மைனஸ் 88 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். அழுத்தத்தில் திரவமாக்கப்பட்ட நைட்ரஸ் ஆக்சைடு, கதீட்டரின் உள்ளே மயிரிழை போன்ற மெல்லிய குழாயில் வருகிறது. அழுத்தம் இருக்கும் வரை அது கொதிப்பதில்லை. நுனியிலுள்ள சிறு வெற்றிடத்தில் விழுந்ததும் அழுத்தம் சட்டென்று குறைந்து, கொதித்து ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை நுனியின் உலோகத்திலிருந்தும், அதைத் தொட்டுக் கொண்டிருக்கும் இதயத் தசையிலிருந்தும் உறிஞ்சிக்கொள்கிறது. ஆவியான வாயுவை வெளியிலுள்ள இயந்திரம் மற்றொரு குழாய் வழியாக உறிஞ்சி எடுத்துவிடுகிறது. வாயு ஒரு துளியும் இரத்தத்தில் கலப்பதில்லை. குளிர் உண்டாவது நுனியில் மட்டும்தான். இரண்டு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் பருமனுள்ள அக்குழாயின் மற்றப் பகுதி சாதுவாக இருக்கும்.

முதலில் ஒத்திகை

இனி சிகிச்சையைப் பார்ப்போம். கதீட்டர் நுனி, மெதுவான பாதை இருப்பதாக எண்ணும் இடத்தைத் தொட்டு நிற்கிறது. மருத்துவர் இயந்திரத்தை இயக்குகிறார். நுனியின் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கு இறங்குகிறது. இந்தக் குளிரில் நுனியை ஒட்டிய செல்கள் சாவதில்லை, மரத்துப் போகின்றன. மின் துடிப்பை உண்டாக்க, சோடியம், பொட்டாசியம் முதலிய அயனிகள் செல் சுவரின் வழியே உள்ளும் புறமும் சென்று வர வேண்டும். குளிர் ஏற ஏற இப்போக்குவரத்து மந்தமாகி, நின்றுவிடுகிறது. செல் உயிரோடிருக்கும், மின்சாரத்தை மட்டும் கடத்தாது.

இது ஒத்திகை. ஏறத்தாழ ஒரு நிமிடம் நடக்கும். அந்த நேரத்தில் மருத்துவர் திரையிலுள்ள மின் கோடுகளையே கவனித்துக் கொண்டிருப்பார். வட்டம் சுற்றுவது நின்றதா? நல்லது. மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள தாமதம் வழக்கத்தைவிட நீளுகிறதா? அப்படியென்றால் குளிர் இடைக்கணுவைத் தீண்டுகிறது என்று பொருள். உடனே நிறுத்துவார். பக்கத்தில் ஓடும் சூடான இரத்தமே அந்த இடத்தைச் சில நொடிகளில் இளக்கிவிடும். மரத்த கணு விழித்துக்கொள்ளும். கதீட்டரைச் சற்று நகர்த்தி வேறு இடத்தில் மீண்டும் ஒத்திகை பார்ப்பார்.

இடம் சரி என்று தெரிந்த பிறகே மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே இறக்கி, ஏறத்தாழ நான்கு நிமிடம் உறைய விடுவார். அப்போது நுனியைச் சுற்றிப் பட்டாணி அளவில் ஒரு பனிக்கட்டி உண்டாகிறது. இங்கேதான் நாம் தொடக்கத்தில் கண்ட ஒட்டிக்கொள்ளும் குணம் கைகொடுக்கிறது. பனிக்கட்டி நுனியைத் தசையோடு இறுகப் பிணைத்துவிடும். இதயம் எவ்வளவு துடித்தாலும் நுனி நழுவாது. சூட்டு முறையில் மருத்துவர் கை ஓயாது பார்த்துக்கொள்ள வேண்டிய வேலையைக் குளிர் தானே செய்துவிடுகிறது.

உறைந்த செல் எப்படி மடிகிறது? முதலில் செல்லுக்கு வெளியே இருக்கும் நீர் பனியாகிறது. பனியில் உப்புக்கு இடமில்லை. ஆகவே மிஞ்சிய நீரில் உப்பின் செறிவு கூடுகிறது. சவ்வூடு பரவலைப் படித்திருப்பீர்கள். அதன்படி செல்லுக்குள்ளிருந்து நீர் வெளியேறி, செல் உப்புக்கண்டம் போல் சுருங்குகிறது. குளிர் இன்னும் கடுமையானால் செல்லுக்குள்ளேயே பனிப் படிகங்கள் தோன்றி, உள்ளிருக்கும் உறுப்புகளைக் கிழிக்கின்றன. பிறகு மெதுவாக இளகும்போது நீர் திரும்பப் பாய்ந்து, சுருங்கிய செல் வீங்கி வெடிக்கிறது. அவ்விடத்துக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அடைபடுகின்றன. வேகமாக உறையச் செய்து மெதுவாக இளகவிட்டால் சேதம் மிகுதி. அதனால்தான் ஒரே இடத்தை உறையச் செய்து, இளகவிட்டு, மீண்டும் உறையச் செய்வதும் உண்டு.

செல்கள் மடிந்தாலும் அவற்றைத் தாங்கியிருக்கும் கொலாஜன் நார்ச் சட்டம் சிதையாமல் நிற்கும். குளிர் பட்ட இடம் வலுவிழப்பதில்லை. இரத்தம் அதன்மேல் உறைந்து கட்டியாவதும் குறைவு. சில வாரங்களில் அங்கே ஒரு மென்மையான தழும்பு மட்டும் மிஞ்சும்.

பனிப் பலூன்

முதியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் வேறொரு கோளாறு உண்டு. அதில் மேலறைகள் துடிப்பதற்குப் பதிலாக நடுங்குகின்றன. நிமிடத்துக்கு 300க்கும் மேற்பட்ட ஒழுங்கற்ற மின் அலைகள் அங்கே தறிகெட்டு ஓடும். மேலறை சரியாகச் சுருங்காததால் இரத்தம் தேங்கி உறையும். உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும்.

இந்த நடுக்கம் எங்கிருந்து கிளம்புகிறது? 1998இல் பிரான்சு நாட்டின் போர்தோ நகரத்தைச் சேர்ந்த மிஷேல் ஐசகேர் குழுவினர் 45 நோயாளிகளை ஆராய்ந்து விடை கண்டார்கள். நுரையீரலிலிருந்து இரத்தத்தைக் கொண்டு வந்து இடது மேலறையில் சேர்க்கும் சிரைகளிலிருந்துதான் பெரும்பாலான கலகத் துடிப்புகள் புறப்படுகின்றன! பொதுவாக இச்சிரைகள் நான்கு. ஒவ்வொன்றின் வாயையும் சுற்றி ஒரு தழும்பு வளையம் போட்டுவிட்டால் கலகம் வெளியே வராது.

புள்ளி புள்ளியாகச் சுட்டு வளையம் போடுவது நீண்ட வேலை. இதற்கென்று வந்ததுதான் குளிர்ப் பலூன். சுருட்டிய நிலையில் இதயத்துக்குள் போகும் பலூன், உள்ளே போனதும் 28 மில்லிமீட்டர் விட்டத்துக்கு விரிந்து, புட்டியின் வாயில் தக்கை போலச் சிரையின் வாயை அடைத்துக்கொள்ளும். உள்ளே நைட்ரஸ் ஆக்சைடு பீச்சப்படும். மூன்று, நான்கு நிமிடங்களில் வளையம் முழுவதும் ஒரே மூச்சில் உறைந்துவிடும். 2010 டிசம்பரில் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் இப்பலூனுக்கு அனுமதி அளித்தது.

இதிலும் ஒரு கண்டம் உண்டு. மூச்சுக்கு உதவும் உதரவிதானத்தை இயக்கும் நரம்பு, வலப்பக்கச் சிரைகளுக்கு மிக அருகே செல்கிறது. அது உறைந்தால் மூச்சு திணறும். இதைக் காக்க மருத்துவர்கள் கையாளும் வழி மிக எளியது. மேலே ஓரிடத்தில் அந்த நரம்புக்குச் சிறு மின் துடிப்புகளைக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் உதரவிதானம் விக்கல் போலத் துள்ளும். ஒருவர் நோயாளியின் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அத்துள்ளலை உணர்ந்தபடி இருப்பார். துள்ளல் சற்றே தளர்ந்தாலும் உடனே குரல் கொடுப்பார், குளிர் நிறுத்தப்படும். எத்தனையோ மின்னணுக் கருவிகள் சூழ்ந்த அறையில், ஒரு மனிதக் கை காவல் காக்கிறது!

சூடா, குளிரா?

இரண்டில் எது சிறந்தது? 2016இல் வெளியான "நெருப்பும் பனியும்" என்ற பெயர் கொண்ட ஆய்வில், மேலறை நடுக்கம் உள்ள 762 பேரில் ஒரு பாதியினருக்குச் சூட்டு முறையும், மறு பாதியினருக்குக் குளிர்ப் பலூனும் பயன்படுத்திப் பார்த்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. ஓராண்டில் இரு பிரிவிலும் மூன்றில் ஒரு பங்கினருக்குச் சற்று மேல் கோளாறு மீண்டும் தலைகாட்டியது. உதரவிதான நரம்பு பாதிக்கப்பட்டவர்கள் குளிர்ப் பிரிவில் நூற்றில் மூவருக்கும் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் தேறிவிட்டார்கள்.

நம் கபடிச் சிறுமிக்கு உள்ள கோளாறைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வு நம் சிந்தனைக்கு உரியது. 509 நோயாளிகளிடம் இரு முறைகளும் ஒப்பிடப்பட்டன. சூட்டு முறையில் நூற்றுக்கு 4.4 பேருக்குப் படபடப்பு மீண்டும் வந்தது. குளிர் முறையிலோ 9.4 பேருக்கு வந்தது. அதாவது இரு மடங்குக்கு மேல்! ஆனால் இடைக்கணு நிரந்தரமாக அடைபட்டவர் சூட்டுப் பிரிவில் ஒருவர். குளிர்ப் பிரிவில் ஒருவரும் இல்லை.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். குளிரின் பலவீனமும் பலமும் ஒரே குணத்திலிருந்து பிறக்கின்றன. குளிர் பட்ட செல் திரும்பி வரக்கூடியது. அதனால்தான் அழிந்ததாக எண்ணிய தீய பாதை சிலருக்கு மீண்டும் விழித்துக்கொள்கிறது. அதனால்தான் தவறுதலாகத் தீண்டிய இடைக்கணுவும் பிழைத்துக்கொள்கிறது. படபடப்பு மீண்டும் வந்தால் சிகிச்சையை மறுமுறை செய்யலாம். அடைபட்ட வாயிலை மறுமுறை திறக்க முடியாது. ஆகவே, இடைக்கணுவுக்கு மிக அருகே வேலை செய்ய வேண்டியிருக்கும்போதும், நோயாளி சிறு வயதினராக இருக்கும்போதும், மருத்துவர்கள் பலர் குளிரை நாடுகிறார்கள். எஞ்சிய இடங்களில் சூடே போதும் என்கிறார்கள். எது வேண்டும் என்பதை ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே எடை போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அண்மை ஆண்டுகளில் சூடும் குளிரும் இல்லாமல், மிகக் குறுகிய நேர மின் துடிப்புகளால் செல் சுவரில் துளையிட்டு அழிக்கும் புதிய முறையும் பரவி வருகிறது. போட்டி தொடர்கிறது, பயன் பெறுவது நோயாளி.

செய்து பாருங்கள்

ஒரு கண்ணாடிக் குவளையில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, வெப்பமானியைச் செருகுங்கள். 0 டிகிரிக்கு அருகே நிற்கும். இப்போது மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு என்ற கணக்கில் சேர்த்து மரக் குச்சியால் கலக்குங்கள். வெப்பமானி கிடுகிடுவென்று இறங்கும். குவளையின் வெளிப்புறத்தில் வெண்பனி படியும். பள்ளி ஆய்வகத்து வெப்பமானிகள் பலவும் மைனஸ் 10 வரைதான் காட்டும். அதையும் தாண்டி இறங்குகிறதா என்று பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கலவையைத் தோலில் வைத்துப் பார்க்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். சில நிமிடங்களில் தோல் உறைந்து, தீப்புண் போன்ற புண் உண்டாகும். குளிர் தொடக்கத்தில் மரத்துப் போகச் செய்வதால் சேதம் நடப்பதே உங்களுக்குத் தெரியாது. எந்தக் குளிர் வரை திரும்பி வரலாம், எதற்கு மேல் வர முடியாது என்பதை டிகிரி டிகிரியாகவும் நொடி நொடியாகவும் அளந்து தெரிந்துகொண்ட பிறகுதான் மருத்துவர்கள் அதை இதயத்துக்குள் கொண்டு போனார்கள்.

மாலையில் குல்பி வண்டியின் மணியோசை கேட்டால், பானைக்குள் எட்டிப் பாருங்கள். அங்கே உப்பும் பனிக்கட்டியும் கலந்து செய்யும் வேலையைத்தான் ஆர்னட் தம் நோயாளிகளுக்குச் செய்து பார்த்தார். மற்றதெல்லாம் அதன் பிறகு ஒவ்வோர் அடியாக வந்ததே.